ஒய்யாரப்பூச் சன்னல்

லீலாவதி கற்பூரத்தில் அடித்துச் சத்தியம் செய்தபோது, அந்தச் சத்தியம் திரும்பி வந்து தன் தலையிலேயே உட்காரும் என்று அவளுக்குத் தெரியாது. தெரிந்திருந்தாலும் செய்திருப்பாள். யோசித்துவிட்டுப் பேசும் பழக்கம் அவளுக்குத் தாய்வழியிலும் இல்லை, தகப்பன் வழியிலும் இல்லை. அவளுடைய தாத்தா கப்பலை விட்டு இறங்கியபோது, "எந்தத் தோட்டத்துக்குப் போறே?" என்று கேட்ட கங்காணியிடம், "எங்க சோறு சுடச்சுடப் போடுறாங்களோ அங்க" என்று சொன்ன மனிதர். அவர் மகன் முத்தையனுக்கு, அதாவது லீலாவதியின் அப்பாவுக்கு, தன் கல்யாணத்தில் மாலை மாற்றும்போது சிரிப்பு வந்து, சிரிப்பு விக்கலாகி, விக்கல் நிற்பதற்குள் நல்ல நேரம் தாண்டப் பார்த்தது. அந்த வம்சத்துப் பெண் வேறு எப்படி இருப்பாள்?

அவள் பிறந்து வளர்ந்தது பத்தாங் பெர்ஜுந்தைக்குப் பக்கத்தில், சிலாங்கூர் ஆற்றங்கரையில் ஒரு தோட்டம். காகிதத்தில் அதற்கு ஏதோ பெயர் உண்டு. சனங்களுக்கு அது பிராஞ்சுத் தோட்டம்தான். பிரெஞ்சுக்காரக் கம்பெனி போட்ட தோட்டம், பிரெஞ்சுக்காரத் துரை கட்டிய பங்களா. மேட்டின் உச்சியில் அந்தப் பங்களா நின்றது. மேட்டின் அடியில் தோட்டத்து ஆட்கள் குடியிருக்கும் லயங்கள், லயத்தைத் தாண்டி மாரியம்மன் கோயில், கோயிலைத் தாண்டி, காலையில் வேலைக்குப் பேர் கூப்பிடும் பிரட்டுக் களம், அதையும் தாண்டினால் ஆறு. எல்லாம் ஒரே சரிவு. மேலே ஒரு தேங்காயை நழுவ விட்டால் ஆற்றில்தான் போய்ப் பொறுக்க வேண்டும். இந்தச் சரிவை மனதில் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் வேலை இருக்கிறது.

பங்களாவின் நெற்றியில் ஒரு சன்னல். மற்ற சன்னல்கள் எல்லாம் ஊர் உலகத்துச் சன்னல்கள் மாதிரி நீளமாகக் கட்டமாக இருக்கும்போது, இது மட்டும் வட்டம். வண்டிச் சக்கரம் அளவு. அதைச் சுற்றிச் சுண்ணாம்பில் ரோசாப் பூவும் இலையும் வைத்து ஒரு மாலை, மாலையின் உச்சியில் ரிப்பன் முடிச்சு. மழைநாளில் கீழே இருந்து பார்த்தால் பங்களா ஒற்றைக் கண்ணால் யாரையோ தேடுவது போலிருக்கும்.

பங்களா கட்டிய முதல் துரை கைத்தடியால் அந்தச் சன்னலைக் காட்டி, அதன் பெயரைப் பெருமையாகச் சொன்னாராம். அவர் வாயிலிருந்து என்ன வந்ததோ, கீழே கல் சுமந்துகொண்டிருந்தவர்களின் காதில் 'ஒய்யாரப்பூ' என்றுதான் விழுந்தது. பார்த்தால் பூ, நிற்பதோ ஒய்யாரமாக. பொருத்தமாகத்தானே இருக்கிறது? அன்றிலிருந்து அது ஒய்யாரப்பூச் சன்னல். தோட்டத்தில் பிரெஞ்சு தெரிந்த ஒரே தமிழர் சமையல்காரர் சிவானந்தம். காரைக்காலில் பிறந்தவர், கடைசித் துரை கூட்டி வந்த ஆள். அவர் இந்தப் பெயரைக் கேட்கும்போதெல்லாம் மீசைக்குள் சிரித்துக்கொள்வாரே தவிர, ஒரு வார்த்தை சொன்னதில்லை.

லீலாவதிக்குப் பங்களாவில் பெருக்கித் துடைக்கிற வேலை. அம்மாவுக்குப் பிறகு அவளுக்கு வந்தது. அறையெல்லாம் அரைமனதாகத் துடைப்பாள். ஒய்யாரப்பூவை மட்டும், முக்காலி போட்டு ஏறி, கண்ணாடி தன் முகத்தைக் காட்டும் வரை துடைப்பாள். அதுதான் அவளுக்கு அலங்காரக் கண்ணாடி. பொட்டு சரியாக இருக்கிறதா, பூ சரியாக இருக்கிறதா, சிரித்தால் எப்படி, முறைத்தால் எப்படி, எல்லாம் அதில்தான். லயத்தில் அவளுக்கு 'ஒய்யாரி' என்று பட்டப்பெயர். அவளும் கூப்பிட்டால் திரும்பிப் பார்ப்பாள்.

அப்பா அம்மா போன பிறகு அண்ணன் சுப்பிரமணியம்தான் எல்லாம். மண்டோர் வேலை. வெளியே நூறு பேரை விரட்டுவார், வீட்டுக்குள் மனைவி கலாவதி கண்ணைக் காட்டினால் செருப்பைக்கூடச் சத்தமில்லாமல் கழற்றுவார். கலாவதி ராசா ஊர்க்காரி. பெரிய கொண்டை, அதைச் சுற்றி எப்போதும் பூ. அவளுக்கு ஒன்றுவிட்ட தம்பி ஒருவன், தேவதாஸ், ராசாவில் துணிக்கடையில் இருந்தான். லீலாவதியை அவனுக்கு முடித்துவிட வேண்டும் என்பது கலாவதியின் கணக்கு.

தேவதாஸ் கெட்டவன் இல்லை. பெண் பார்க்க வந்த அன்று மழை. வீட்டுக்குள் வந்து குடையை மடக்கத் தெரியாமல் அமுக்க, அது மறுபடி விரிந்து, தாம்பாளத்தில் இருந்த கேசரியை வாரிக்கொண்டு போய்ச் சுப்பிரமணியத்தின் மடியில் கொட்டியது. லீலாவதி சிரித்தாள். சிரிப்பு என்றால், கதவைப் பிடித்துக்கொண்டு, பிறகு கதவோடு சேர்ந்து சரிந்து உட்கார்ந்து சிரித்தாள். தேவதாஸ் முகத்தைத் துடைத்துக்கொண்டு, "பொம்பளைங்க இவ்வளவு சிரிக்கக் கூடாது. கல்யாணத்துக்கு அப்புறம் கொறைச்சுக்கலாம்" என்றான்.

அந்த ஒரு சொல்லில் லீலாவதிக்குப் பகீர் என்றது. கொறைச்சுக்கலாமா? சிரிப்பென்ன, சாம்பாரில் போடுகிற புளியா?

அடுத்த வெள்ளிக்கிழமை கோயிலில் வைத்தே கலாவதி பேச்சை முடிக்கப் பார்த்தாள். பூசாரி இராமையா தட்டில் கற்பூரம் ஏற்றி நீட்டினார். "ஆத்தா முன்னால சரின்னு ஒரு வார்த்த சொல்லிடு" என்று கலாவதி இடித்தாள். லீலாவதி கற்பூரத்தைப் பார்த்தாள், மேட்டுப் பங்களாவைப் பார்த்தாள். அது ஒற்றைக் கண்ணால் அவளைப் பார்த்தது. சட்டென்று உள்ளங்கையால் கற்பூரத்தை அடித்து அணைத்தாள்.

"மாரியாத்தா மேல சத்தியம். ஒய்யாரப்பூச் சன்னல் இருக்கிற வீட்டு வாசப்படியத் தவிர, வேற எந்த வீட்டு வாசப்படியையும் மருமகளா மிதிக்க மாட்டேன்!"

பூசாரி கையிலிருந்து மணி விழுந்தது. கோலசிலாங்கூரிலிருந்து கோலகுபு வரை தேடினாலும் அப்படி ஒரு சன்னல் உள்ள வீடு அந்தப் பங்களா ஒன்றுதான். கற்பூரம் அணைத்துச் செய்த சத்தியத்தை மீறினால் வீட்டில் விளக்கு நிற்காது என்பது தோட்டத்தில் எல்லோருக்கும் தெரியும்.

"ஒய்யாரக் கொண்டையாம் தாழம்பூவாம், உள்ள இருக்குமாம் ஈரும் பேனும்!" என்று கலாவதி கோயிலிலேயே கத்தினாள். "லயத்துல பொறந்தவளுக்குத் தொர வீட்டுச் சன்னல் கேக்குதா? அந்தத் தொரையே வந்து தாலி கட்டட்டும், போ!"

"வந்தா கட்டிக்கறேன் அண்ணி. அவரு சிரிப்பக் கொறைக்கச் சொல்ல மாட்டாரு" என்றாள் லீலாவதி. உள்ளங்கை எரிந்தது. மனசு காற்றாடி போலச் சுற்றியது. தப்பித்தாகிவிட்டது!

ஒரு வருஷம் அந்தச் சந்தோஷத்தில் ஓடியது. எண்பத்து நாலில் பிரெஞ்சுக்காரன் தோட்டத்தை விற்றுவிட்டுப் போனான். புதுக் கம்பெனிக்குப் பங்களா வேண்டாம், அந்த மேட்டிலும் எண்ணெய்க்குச் செம்பனை நட வேண்டும். பிரித்தெடுக்க ஒரு சீனக் காண்ட்ராக்டர் வந்தார். மரமும் ஓடும் ஏற்ற ஒரு லோரி வந்தது. லோரியோடு இருசப்பன் வந்தான்.

லீலாவதிக்குப் பங்களாவை ஒழித்துக் கொடுக்கும் வரை வேலை இருந்தது. அன்றும் முக்காலியில் ஏறி ஒய்யாரப்பூவைத் திறந்துவைத்துத் துடைத்துக்கொண்டிருந்தாள். நாளைக்கு உடைக்கப்போகிற சன்னல்தான், ஆனாலும் அவள் கை நிற்கவில்லை. கீழே லோரி வந்து நின்றது. ஓட்டி வந்தவன் இறங்கி, அண்ணாந்து பார்த்து, தலையில் கட்டியிருந்த துண்டை அவிழ்த்து இடுப்பில் கட்டிக்கொண்டு, கையெடுத்துக் கும்பிட்டான்.

"யாருங்க செத்துப்போனது? மால போட்டுப் படம் மாட்டியிருக்கு. சின்ன வயசு மாதிரி தெரியுதே, பாவம்!"

லீலாவதி ஒரு கணம் திகைத்தாள். சுற்றிலும் சுண்ணாம்பு மாலை, நடுவில் தன் முகம். இத்தனை வருஷம் அந்தச் சன்னலில் முகம் பார்த்தும் இது தனக்குத் தோன்றவில்லையே! சிரிப்பை உதட்டுக்குள் கடித்துக்கொண்டு சொன்னாள்:

"செத்தது நான் இல்ல. ஓங்க லோரி பிரேக்கு. பின்னால திரும்பிப் பாருங்க."

அவன் திரும்பினான். லோரி தன் பாட்டுக்குச் சரிவில் பின்னால் நகர்ந்து போய்ச் சிவானந்தத்தின் கோழிக்கூண்டில் முட்டி நின்றது. கோழிகள் பறந்தன. சமையல்கட்டிலிருந்து சிவானந்தம் கரண்டியோடு ஓடி வந்தார். இருசப்பன் கோழியின் பின்னால் ஓட, கோழி லோரியின் அடியில் ஓட, மேலே மாலைக்குள் இருந்த படம் விழுந்து விழுந்து சிரித்தது.

"அக்கா, சிரிச்சது போதும், ஒரு கோழியாச்சும் புடிங்கலா!" என்றான் அவன்.

"யாரு அக்கா? நீங்கதானே எனக்குக் கருமாதியே பண்ணிட்டீங்க!"

அவனும் இடுப்பைப் பிடித்துக்கொண்டு சிரித்தான். கையில் கோழி, தலையில் இறகு. இவன் குறைத்துக்கொள்ளச் சொல்லமாட்டான் என்று அந்த நிமிஷமே லீலாவதிக்குத் தெரிந்துபோயிற்று.

இருசப்பன் செகிஞ்சான் பக்கத்து ஆள். அறுவடைக் காலத்தில் சீன முதலாளி தவ்கேயின் நெல்லை ஏற்றுவான், மற்ற நாளில் கிடைத்ததை ஏற்றுவான். தகப்பன் இல்லை. தாய் வள்ளியம்மா மாடு வைத்துப் பால் ஊற்றுகிறவள். வள்ளியம்மாவின் பெரியம்மா மகளைத்தான் தஞ்சோங் காராங்கில் கொடுத்திருந்தது. அந்த அம்மாள் லீலாவதியின் அத்தைக்குக் கொழுந்தியாள் முறை. ஆக சாதி சனமெல்லாம் தேடிப் பார்க்க வேண்டிய வேலையே இல்லை. தேட வேண்டியது சன்னல் ஒன்றுதான்.

பங்களா மெல்ல மெல்ல இறங்கியது. ஒவ்வொரு நடைக்கும் இருசப்பன் வந்தான். லீலாவதிக்குக் கால் தரையில் பாவவில்லை. தேநீரில் உப்புப் போட்டாள். அண்ணனின் காக்கிச் சட்டையை அண்ணியின் பாவாடையோடு சேர்த்துத் தைத்துவிட்டாள். கடைசியில் அவன் ஒரு நாள் லோரிக் கதவில் சாய்ந்துகொண்டு கேட்டான்.

"என்னாத்துக்கு இன்னும் கல்யாணம் ஆவல?"

அவள் சத்தியத்தைச் சொன்னாள். சொல்லும்போதுதான் அது எப்பேர்ப்பட்ட விலங்கு என்று அவளுக்கே உறைத்தது. தேவதாஸைத் துரத்த அவள் வைத்த பூட்டு இப்போது இருசப்பனையும் வெளியே நிறுத்திப் பூட்டியிருந்தது. சொல்லி முடித்தபோது கண் கலங்கிவிட்டது.

இருசப்பன் வாய்விட்டுச் சிரித்தான். "அந்தச் சன்னல ஏத்திட்டுப் போவப்போறதே நான்தான்லா! அதோட ஒன்னையும் ஏத்திக்கறேன்."

காண்ட்ராக்டர் தவ்கேயும் மறுக்கவில்லை. கட்டச் சன்னலுக்கு ஆள் வரும், வட்டச் சன்னலை எவன் வாங்கி எந்தச் சுவரில் வைப்பான்? எடுத்துக்கோ என்றார். லீலாவதி கயிறு பிடித்துச் சன்னலை அளந்து, முடிச்சுப் போட்டு அவனிடம் கொடுத்தாள். அவனுக்குப் பொறுமை ஏது? சன்னல் கைக்கு வருவதற்கு முன்பே வீட்டுக்குப் போய், வாசல் பக்கத்துப் பலகைச் சுவரில் வட்டமாக அறுத்துவிட்டான்.

வள்ளியம்மா பால் வாளியோடு வந்து பார்த்தாள். "ஏண்டா, வீட்டுக்குத் தொப்புள் வைக்கிறியா?"

"மருமவ வர்ற வழி ஆத்தா."

"ஏன், வாசல் வழியா வந்தா அவளுக்கு வலிக்குமா?"

சன்னலைக் கழற்றிய அன்று தோட்டத்தில் பாதி மேட்டில் நின்றது. காண்ட்ராக்டரின் ஆட்கள் மரச் சட்டம், கண்ணாடி, சுண்ணாம்பு மாலை எல்லாவற்றையும் ஒரே உருப்படியாகப் பெயர்த்து, கயிறு கட்டி இறக்கி, லோரியின் பின்பக்கம் நிறுத்தினார்கள். கட்ட வேண்டிய கயிற்றைக் கையில் எடுத்த இருசப்பன், லீலாவதி எங்கே என்று திரும்பிப் பார்த்தான். அவள் புதுப் புடவையில் நின்றாள். அவன் பார்த்துக்கொண்டே நின்றான். லோரி, பழைய பழக்கத்தில், லேசாகப் பின்னால் நகர்ந்தது. அவ்வளவுதான். ஒய்யாரப்பூ லோரியிலிருந்து இறங்கி, ஒரு கணம் நின்று, எல்லோரையும் ஒரு பார்வை பார்த்துவிட்டு, உருள ஆரம்பித்தது.

"புடி! புடி!"

எவன் பிடிப்பான்? படிக்கட்டில் ஒரு குதி, பூந்தொட்டியில் ஒரு குதி. கண்ணாடி கலகலவென்று உதிர்ந்தது. ரோசாப் பூக்கள் ஒவ்வொன்றாகத் தெறித்தன. ரிப்பன் முடிச்சு பறந்து போய், கணக்கு எழுதும் கிராணியின் மிதிவண்டிக் கூடையில் விழுந்தது. பின்னால் இருசப்பன், அவன் பின்னால் புடவையை முழங்காலுக்குத் தூக்கிக்கொண்டு லீலாவதி, அவள் பின்னால் கரண்டியோடு சிவானந்தம், அப்புறம் தோட்டத்து நாய்கள் எல்லாம். லயத்துக் குழாயடியில் தலை அலசிக்கொண்டிருந்த கலாவதி, தன்னை நோக்கி ஒரு சன்னல் ஓடிவருவதைப் பார்த்து, ஐயோ என்று தண்ணீர்த் தொட்டிக்குள் குதித்தாள். கோயிலில் இராமையா நடையைச் சாத்தினார். பிரட்டுக் களத்தில் சுப்பிரமணியம், நூறு பேரை நிறுத்திய பழக்கத்தில், கையை நீட்டி "நில்லு!" என்றார். அது நிற்கவில்லை. மண்டோர் ஒதுங்கி நின்று வழிவிட்டார். ஆற்றங்கரை மேட்டில் ஏறி, வானத்தில் ஒரு கணம் நிலா போல நின்று, தொபுக்கென்று ஆற்றில் விழுந்து முழுகிப் போயிற்று.

இருசப்பனும் குதித்தான். சேறும் ஒரு கெளுத்தி மீனும்தான் கிடைத்தன.

சிரிக்காமல் இருக்க யாராலும் முடியவில்லை. லீலாவதியாலும் முடியவில்லை. கரையில் உட்கார்ந்து சிரித்துக்கொண்டே இருந்தவள், எப்போது அழத் தொடங்கினாள் என்று பக்கத்தில் இருந்தவர்களுக்கே தெரியவில்லை.

தொட்டியிலிருந்து எழுந்து வந்த கலாவதி தலையைத் துவட்டிக்கொண்டே சொன்னாள்: "சன்னல் ஆத்துல, சம்பந்தம் ராசாவுல. கேட்டுக்க லீலா. ஒஞ் சத்தியத்தக் கேள்விப்பட்டு எந் தம்பி ஆசாரிகிட்ட சொல்லி வட்டமா, பூவெல்லாம் செதுக்கி, ஒரு சன்னல் அடிச்சு வீட்டுல மாட்டிட்டான். இப்ப ஒய்யாரப்பூ இருக்கிற வீடு அது ஒண்ணுதான். ஆத்தா கண்ணு தொறந்துட்டா."

தேவதாஸ் அவ்வளவு தூரம் போவான் என்று யார் நினைத்தது? சத்தியப்படி பார்த்தால் இனி அவள் மிதிக்கக்கூடிய வாசற்படி ராசாவில்தான் இருந்தது.

ஆனால் இருசப்பன் பெண் கேட்டபோதே, வீடு பார்க்க வள்ளியம்மா வீட்டுக்கு வருவதாகச் சுப்பிரமணியம் வாக்குக் கொடுத்திருந்தார். கொடுத்த வாக்குக்கு ஒரு நடை போய், வெற்றிலை பாக்கைத் தொட்டுவிட்டு, மரியாதையாக வேண்டாம் என்று சொல்லிவிட்டு வரலாம் என்று முடிவானது. வேன் பிடித்தார்கள். கிளம்பும்போது பார்த்தால், பின் இருக்கையில் லீலாவதி.

"பொண்ணு பாக்க மாப்பிள்ள வருவான். வீடு பாக்கப் பொண்ணு போவாளா? எங்கயாச்சும் உண்டா இந்தக் கூத்து?" என்றாள் கலாவதி.

"சத்தியம் பண்ணது நானு. சன்னலப் பாக்க வேண்டியதும் நானு. வாசப்படி மிதிக்க மாட்டேன், வேனுலயே ஒக்காந்திருக்கேன்."

"அதான் சன்னலே இல்லியே!"

"இல்லாததையும் நானே பாத்துக்கறேன் அண்ணி."

பூசாரி இராமையா, சத்திய விஷயம் என்பதால் முன் இருக்கையில். கோழிக்கூண்டுப் பழக்கத்தில் இருசப்பனோடு சிநேகமாகிவிட்ட சிவானந்தம், சமையல் எப்படி இருக்கிறது என்று பார்க்க. வேன் கோலசிலாங்கூர் தாண்டி, தஞ்சோங் காராங் தாண்டி, கடலோரமாகப் போயிற்று. இரண்டு பக்கமும் வயல் பச்சை. லீலாவதி எதையும் பார்க்கவில்லை. இறங்கியதும் வேண்டாம் என்பார்கள். அவன் சிரிப்பான், அவன் அப்படித்தான். அந்தச் சிரிப்பைத் திரும்பி வரும் வழியெல்லாம் நினைத்துக்கொண்டு வர வேண்டும்.

இருசப்பன் வீட்டில் காலையிலிருந்து களேபரம். ஓட்டையை என்ன செய்வது? ஆசாரி அடுத்த மாதம் வருகிறேன் என்றுவிட்டான். இருசப்பன் ஒரு பழைய லோரி டயரை எடுத்து, கழுவி, ஓட்டைக்குள் இறுக்கி ஆணியடித்துவிட்டான். கச்சிதமாக உட்கார்ந்தது. வள்ளியம்மா அதைப் பார்த்து நெஞ்சில் கை வைத்து, டயர் தெரியாமல் சுற்றிலும் சாமந்தி மாலை கட்டினாள். வாசலில் மாடு நின்றால் நாற்றம் என்று பேசுவார்களே என்று, சினைப்பசு சிங்காரியை நெல் மூட்டை வைக்கும் அறைக்குள் தள்ளிக் கதவைச் சாத்தினாள். டயர் மாட்டியிருந்தது அந்த அறையின் சுவரில்தான் என்பது அவசரத்தில் நினைவுக்கு வரவில்லை.

வேன் வாசலில் வந்து நின்றது. எல்லோரும் இறங்கினார்கள். வள்ளியம்மா ஆரத்தித் தட்டோடு வந்தாள். இருசப்பன் வெள்ளைச் சட்டையில், கைகட்டி நின்றான். கலாவதி நேராகச் சுவரை நோக்கி நடந்தாள்.

"எங்க சன்னலு? இதுவா? டயருல்ல இது!" முதுகைச் சன்னலுக்குக் காட்டிக்கொண்டு கூட்டத்தின் பக்கம் திரும்பினாள். "பூசாரி, நீங்களே சொல்லுங்க. ஓட்டைக்குப் பேரு சன்னலா? டயருக்குப் பேரு ஒய்யாரப்பூவா? எந் தம்பி வீட்டுல போய்ப் பாருங்க, சும்மா கண்ணாடி போட்டு, பூ செதுக்கி..."

அவள் பேசிக்கொண்டிருக்கும்போதே, பின்னால் சாமந்தி மாலைக்கு நடுவில், மெதுவாக, மிக மரியாதையாக, சிங்காரி முகத்தை நீட்டினாள். நெற்றியில் வள்ளியம்மா வைத்த குங்குமம். பெரிய, ஈரமான, மை தீட்டியது போன்ற கண். வந்தவர்களை ஒவ்வொருவராகப் பார்த்தாள். வேனுக்குள் இருந்த லீலாவதி பார்த்தாள். சுற்றிலும் மாலை, நடுவில் பொட்டு வைத்த முகம். அவள் வாய் அவளைக் கேட்காமல் திறந்துகொண்டது.

"யாருங்க செத்துப்போனது? சின்ன வயசு மாதிரி தெரியுதே, பாவம்!"

இருசப்பன் முதலில் வெடித்தான். சிங்காரிக்கு அது சம்மதமாகப் பட்டது போல. நாக்கை நீட்டிக் கலாவதியின் கொண்டையில் இருந்த மல்லிகையை ஒரு சுருட்டுச் சுருட்டி இழுத்தாள். பூவோடு சவுரியும் வந்தது. கருகருவென்று ஒரு முழம் முடி மாட்டின் வாயில் தொங்கியது. கலாவதி பின்னந்தலையில் கை வைத்தாள். அங்கே எலுமிச்சங்காய் அளவில் ஏதோ இருந்தது.

"ஐயோ, துப்புடி சிங்காரி! சம்பந்தி அம்மா முடிடி அது!" என்று வள்ளியம்மா ஆரத்தித் தட்டோடு ஓடினாள்.

சிவானந்தம் மட்டும் சிரிக்கவில்லை. வாயைப் பிளந்து மாட்டையே பார்த்துக்கொண்டு நின்றவர், திடீரென்று தொடையில் தட்டினார்.

"மாட்டுக்கண்ணு! அட, மாட்டுக்கண்ணுலா இது!"

"மாட்டுக்கு மாட்டுக்கண்ணு இல்லாம ஆட்டுக்கண்ணா இருக்கும்?" என்றார் சுப்பிரமணியம்.

"இல்ல மண்டோரே. அந்தச் சன்னலோட பேரு! பிராஞ்சுல அந்த மாதிரி வட்டச் சன்னலுக்கு 'ஓய்-த-பஃப்'னு பேரு. தொர அப்படித்தான் சொல்லுவாரு. ஓய்னா கண்ணு. பஃப்னா மாடு. மாட்டுக்கண்ணுச் சன்னல்! நீங்கதான் ஒய்யாரப்பூ ஒய்யாரப்பூன்னு கூப்பிட்டுக்கிட்டு இருந்தீங்க."

"இத்தன வருசமா ஏன்யா சொல்லல?" என்று பூசாரி கேட்டார்.

"கேக்க நல்லா இருந்துச்சு. மாட்டுக்கண்ணுன்னு சொல்லி எதுக்குக் கெடுக்கணும்னு விட்டுட்டேன். என்னைய சோறு ஆக்கத்தானே வச்சிருந்தாங்க, பேரு வைக்கவா?"

லீலாவதி வேன் கதவைத் திறந்துகொண்டு நின்றாள். "பூசாரியாரே! அப்பன்னா எஞ் சத்தியம் எந்தச் சன்னலுக்கு?"

எல்லோரும் இராமையாவைப் பார்த்தார்கள். அவர் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டார்.

"சத்தியம் பண்ணும்போது எந்தச் சன்னல நெனச்சே?"

"பங்களாச் சன்னல."

"அதுக்குச் சரியான பேரு என்னா?"

"மாட்டுக்கண்ணு."

"ராசாவுல மாட்டியிருக்கிற சன்னல்ல மாடு இருக்கா?" என்று கலாவதியிடம் கேட்டார்.

கலாவதி சவுரியின் ஒரு நுனியைப் பிடித்து இழுத்துக்கொண்டிருந்தாள், மறு நுனி சிங்காரியிடம். "துணிக்கடக்காரன் வீட்டுல மாடு எப்படிங்க இருக்கும்?" என்றாள் எரிச்சலோடு.

"அப்ப அது வெறும் வட்டம். பங்களாவுல இருந்ததுகூடப் பேருக்குத்தான் மாட்டுக்கண்ணு. இங்க நெசமாவே ரெண்டு கண்ணு இருக்கு. ஆத்தாளுக்குத் தமிளும் தெரியும், பிராஞ்சும் தெரியும். எறங்கும்மா."

"ஆனா அவ பூவுன்னுதானே சொன்னா!" என்று கலாவதி ஆரம்பித்தாள். அந்தச் சமயம் பார்த்துச் சிங்காரி தும்மினாள். சவுரி விடுபட்டு வந்து கலாவதியின் தோளில், மாலை போட்டது மாதிரி விழுந்தது. கலாவதி அதைப் பார்த்தாள். சிங்காரியைப் பார்த்தாள். கல்யாணமாகி வந்ததிலிருந்து லயத்தில் யாரும் கேட்காத ஒரு சத்தம் அவளிடமிருந்து வந்தது. கொக்கரிக்கிற கோழி மாதிரி ஒரு சிரிப்பு. சுப்பிரமணியம் பயந்தே போய்விட்டார்.

லீலாவதி வேனிலிருந்து இறங்கினாள். வாசலில் ஆரத்தி சுற்றக்கூட வள்ளியம்மாவுக்குக் கை நிற்கவில்லை, சிரிப்பில் தட்டு ஆடியது. வலது காலை எடுத்து வைக்கப் போனவளைப் பூசாரி தடுத்தார். "இரு இரு, இன்னும் தாலி ஏறல. மருமவளா மிதிக்கிறதுக்கு நாள் பாக்கணும்லா!"

"நீங்க பாருங்க பூசாரியாரே. நான் விருந்தாளியா மிதிச்சுக்கறேன்" என்று சொல்லிவிட்டு, அவள் வாசற்படியில் ஏறி நின்றாள்.

தை மாதத்தில் கல்யாணம். மாலை மாற்றும்போது லீலாவதிக்குச் சிரிப்பு வந்தது, பிறகு விக்கல் வந்தது, நல்ல நேரம் தாண்டப் பார்த்தது. முத்தையன் மகள்தானே. தேவதாஸும் வந்திருந்தான். வட்டச் சன்னல் காற்றுக்கு நன்றாகத்தான் இருக்கிறது என்று எல்லோரிடமும் சொன்னான். குடையை வெளியிலேயே வைத்துவிட்டு வந்திருந்தான்.

கலாவதி மொய் எழுதவில்லை. ஒரு துணிப்பொட்டலத்தைக் கொண்டுவந்து லீலாவதியின் கையில் திணித்தாள். பிரித்தால், சுண்ணாம்பு ரோசா ஒன்று. சன்னல் உருண்ட அன்று அவளோடு சேர்ந்து தண்ணீர்த் தொட்டியில் விழுந்த பூ.

"அது மேல ஒட்டு" என்றாள். "அங்க மாடு இருக்கு, பூ இல்ல. நீ ஒய்யாரப்பூன்னுதான் சத்தியம் பண்ணே, நான் பக்கத்துலதான் நின்னேன். ரெண்டும் இருந்தாத்தான் சத்தியம் முழுசா நிக்கும். நாளைக்கு ஒன் வீட்டுல வெளக்கு நிக்கலன்னா என்னையத்தான் சொல்லுவாங்க."

லீலாவதி அண்ணியைக் கட்டிக்கொண்டாள். கொண்டையில் கை படாமல் பார்த்துக் கட்டிக்கொண்டாள்.

இருசப்பன் டயரின் உச்சியில் அந்தப் பூவை ஒட்டினான். கண்ணாடி போடவே இல்லை. போட்டால் சிங்காரி எங்கே பார்ப்பாள்? செகிஞ்சானில் தபால்காரர் முதற்கொண்டு எல்லோருக்கும் அது மாட்டுக்கண் வீடு ஆனது. ஆனால் வீட்டுக்குள் அதற்குப் பழைய பெயர்தான். சாயங்காலம் நெல் லோரி வந்து நிற்கும் சத்தம் கேட்டால், லீலாவதி சிங்காரியைக் கொஞ்சம் தள்ளிவிட்டு, தானும் முகத்தை நீட்டுவாள். டயருக்குள் இரண்டு முகம்.

இருசப்பன் லோரியிலிருந்து இறங்கி, சக்கரத்துக்கு மறக்காமல் கல்லை அண்டைகொடுத்துவிட்டு, துண்டை அவிழ்த்துக் கும்பிடுவான்.

"ஐயோ பாவம், இன்னிக்கு ரெண்டு பேரா?"